தமிழே தெரியாத சபையில் தமிழ்ப் பாட்டு எழுதலாமா?

மகளே, ஸ்தோத்திரம். உன் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். உனக்கு 21 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பனில் பீனிக்ஸில் இருக்கிறாய், 14 வயதில் கிட்டார் பிடித்தாய், ஆங்கிலத்தில் முப்பது நாற்பது பாட்டு எழுதிவிட்டாய். போன வருஷம் உன் ஆயா, அதாவது பாட்டி, இறந்ததிலிருந்து மனசுக்குள் தமிழில்தான் பாட்டு வருகிறது, ஆனால் உன் வர்ஷிப் டீமில் "இது யாருக்குப் புரியும்?" என்று கேட்கிறார்கள். கீர்த்தனை மாதிரி எழுதுவதா இப்போதைய பாணியில் எழுதுவதா, பாட்டுக்குப் பணம் வாங்குவது தப்பா என்றும் கேட்டிருக்கிறாய். கடைசி வரியில், ஆயா போனபிறகு ஜெபமே வரவில்லை ஆன்ட்டி, இந்த நிலைமையில் மேடையில் நின்று பாடுவது பொய்யில்லையா என்று கேட்டாயே, அதுதான் உன் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் வருகிறேன். தமிழிலேயே பதில் எழுதுங்கள், பெரியம்மா வாசித்துச் சொல்வார்கள் என்று நீ சொன்னதால் பெரியம்மாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். 35 வருஷமாக டர்பனிலேயே சாட்ஸ்வர்த்தில் சபைப் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவள், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த நாட்டில் உன் வயதுக்காரர் ஒருவர் பாட்டு எழுதினார். இனோக் சொண்டோங்கா என்று பெயர். மெதடிஸ்ட் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், பாடகர் குழுவை நடத்துகிறவர், போட்டோவும் எடுப்பார். 1897இல், இருபத்து நாலு வயது வாக்கில், "என்கோசி சிகெலேலி ஆஃப்ரிக்கா" என்ற ஜெபப் பாட்டைக் கோசா மொழியில் எழுதினார். "ஆண்டவரே, ஆப்பிரிக்காவை ஆசீர்வதியும்" என்று அர்த்தம். அவர் எழுதியது முதல் சரணமும் கோரஸும்தான், மீதிச் சரணங்களைக் கவிஞர் எம்காயி 1927இல் சேர்த்தார். சொண்டோங்கா 1905இல் சின்ன வயதிலேயே செத்துப்போனார். அவர் போன பிறகு உங்கள் பீனிக்ஸுக்குப் பக்கத்தில் இனாண்டாவில் இருக்கிற ஓலாங்கே பள்ளியின் பாடகர் குழு அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு போய் ஊரெல்லாம் பாடியது. 1912இல் புளூம்ஃபான்டெய்னில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பிறந்த கூட்டத்திலும் அதைப் பாடினார்கள். இன்றைக்கு நம் தேசிய கீதம் அந்தப் பாட்டில்தான் ஆரம்பிக்கிறது, நீயே பள்ளிக்கூடத்தில் தினமும் பாடியிருப்பாய்.

அவர் தேசத்துக்கு என்று உட்கார்ந்து எழுதவில்லை. தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடுவதற்கு எழுதினார், முன்னால் நின்ற தொண்டைகளுக்கு எழுதினார். எனக்குத் தெரிந்து நிலைத்த சபைப் பாட்டுகள் எல்லாம் இப்படி வந்தவைதான்.

நம் பக்கத்து ஆளைப் பார். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதின தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர், பன்னிரண்டு வயதுப் பையனாக ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போனவர். அவரும் வாத்தியார்தான், இளம் வயதிலேயே மிஷன் பள்ளியின் பொறுப்புக்கு வந்துவிட்டார். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஆட்களை மெட்ராஸிலிருந்து ஏற்றிக்கொண்டு டுரூரோ கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தபோது அவர் உயிரோடு இருந்தார், 86 வயது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அந்தக் கப்பலில் கிறிஸ்தவர்களும் வந்தார்கள். ரெண்டு வருஷம் கழித்து இந்தியர்களிடையே மெதடிஸ்ட் ஊழியத்துக்கு வந்த ரால்ஃப் ஸ்டாட் இலங்கையில் மட்டக்களப்பில் இருந்து தமிழ் பழகியவர். அதனால் இங்கே தமிழ்ப் பாட்டு நேற்று முளைத்த ஆசை இல்லை. கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளிலும், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பராக்ஸிலும் பாடிய வாய்களிலிருந்து வந்தது, உன் ஆயாவுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். அப்புறம் ஆங்கிலம் வந்தது, 1930களிலிருந்து பெந்தெகொஸ்தே எழுப்புதலும் வந்தது. 1931இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆரம்பித்த ரோலண்ட்ஸ் குடும்பத்து ஊழியம் நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கானவர்களைத் தொட்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை, என் வீட்டுக்கும் இரட்சிப்பு அந்த வழியாகத்தான் வந்தது. பாட்டின் பாஷை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போச்சு.

சரி, யாருக்கும் புரியாது என்கிறார்களே, அதற்கு வருவோம். கீர்த்தனையின் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு அந்தக் காலத்துச் சபைக்கு எப்படி உதவியது தெரியுமா? சபையில் முக்கால்வாசிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது, புத்தகம் கிடையாது. முன்னால் நிற்கிறவர் சரணத்தைப் பாடுவார், ஜனங்கள் பல்லவிக்குத் திரும்பி வருவார்கள். ஆறு சரணம் என்றால் பல்லவி ஆறு தரம் வரும். முதல் தரம் கேட்பாய், ரெண்டாம் தரம் முணுமுணுப்பாய், மூணாம் தரம் உன்னுடையதாகிவிடும். தமிழ் தெரியாத சபைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கிறதா? பல்லவியை ரெண்டே வரி தமிழில் எழுது, சரணங்களை ஆங்கிலத்தில் எழுது. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், சரணம் தமிழ், கோரஸ் ஆங்கிலம். அப்போது புரியாத பகுதி ஒரே ஒரு தரம் ஓடி மறைந்துவிடும், சபை அதைப் பிடிக்கவே முடியாது. ரெண்டு வரித் தமிழின் அர்த்தத்தைப் பாடுவதற்கு முன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடு, போதும். என் சபையில் இருக்கிற ஜூலு சகோதரிகள் அஞ்சாறு பல்லவிகளை எந்தத் தாளும் இல்லாமல் பாடுகிறார்கள். இதில் ஒரு ஒற்றுமையும் இருக்கிறது. அவர்கள் பாடகர் குழுக்களில் டோ-ரே-மி என்று பாடிப் பழகுகிறார்கள், அந்த டோ எந்தக் கட்டையிலும் நிற்கலாம். நம் ஸரிகமவில் ஸ எங்கே வேண்டுமானாலும் நிற்கிற மாதிரியேதான். ஸ என்பது டோ என்று ஒரு தரம் சொன்னேன், அப்புறம் எனக்கு வேலையே இல்லை.

கீர்த்தனையா புதுப் பாணியா என்று ரொம்ப யோசிக்காதே. கிட்டாரில் நீ வாசிக்கிற மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரண ராகம், நேச்சுரல் மைனர் என்பது நடபைரவி. மோகனத்தில் ஐந்தே ஸ்வரம், ஸரிகபத, மேஜர் பென்டடானிக் என்று உனக்குத் தெரிந்ததுதான். முதல் தமிழ்ப் பாட்டை மோகனத்தில் போடு. கிட்டார் கார்டு அதற்குச் சண்டை இல்லாமல் உட்காரும், எந்த வயதுக்காரரும் பாடிவிடுவார்கள், தமிழ் காதுக்கும் ஆப்பிரிக்கக் காதுக்கும் அது வீட்டு ஓசை. மாயாமாளவகௌளை ராகம் என்றால் எனக்கு உயிர், ஆனால் கார்டு போடும்போது கஷ்டப்படுவாய், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஸ்தாயிக்கு மேலே ஒன்றிரண்டு ஸ்வரத்துக்குள் மெட்டை முடித்துவிடு. உன் குரல் மேலே போகும் என்பது எனக்குத் தெரியும், வாய்ஸ் நோட்டில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முந்தின நாள் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அங்கிளுக்கு அந்த உச்சி எட்டாது. எட்டாத இடத்தில் அவர் வாயை மூடிக்கொள்வார், மூடின வாய் அந்தப் பாட்டு முடியும்வரை திறக்காது.

நீ அனுப்பிய மூன்று பாட்டில் ஒன்றை எடுத்துச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. "மலைமேல் உம்மைத் தேடினேன்" என்று எழுதியிருக்கிறாய், நல்ல வரி. மெட்டில் "ம" என்ற எழுத்து நாலு எண்ணிக்கை நீள்கிறது. காதில் விழுவது "மாலைமேல் உம்மைத் தேடினேன்". மாலை என்றால் பூமாலை, இல்லாவிட்டால் சாயங்காலம். உன் பெரியம்மாவிடம் கேட்டுப்பார், சிரித்துவிடுவார்கள். தமிழில் குறில் நெடில் மாறினால் சொல்லே மாறிவிடும், கல் கால் ஆகும், விடு வீடு ஆகும். நீண்ட ஸ்வரம் வருகிற இடத்தில் நெடில் எழுத்தை வை, குறிலை ஓடுகிற ஸ்வரத்தில் வை. மெட்டு பிடிவாதமாக இருந்தால் சொல்லை மாற்று.

இந்தத் தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. நம் சபைகளில் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தாள் கொடுக்கிறோம். எம்-ஏ-எல்-ஏ-ஐ என்று அடித்தால் மலையும் அதுதான் மாலையும் அதுதான். அந்தத் தாளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? ஒரு மூன்று மாதம் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்துவிடு. உயிர் 12, மெய் 18, சேர்த்துப் படித்தால் வந்துவிடும், நீ கார்டு படித்த பெண். அதுவரைக்கும் தாளில் நெடிலுக்கு இரட்டை எழுத்துப் போடு, எம்-ஏ-ஏ என்று. என் சபையில் 2003இலிருந்து அப்படித்தான் செய்கிறோம், பழைய தாள்களை எல்லாம் உட்கார்ந்து திருத்தினேன்.

இன்னொன்று, நீ வரிக்கடைசியில் ஓசை சேரவேண்டும் என்று ரொம்பப் பாடுபட்டிருக்கிறாய். அது ஆங்கிலப் பாட்டுப் பழக்கம். தமிழிலும் அது உண்டு, இயைபு என்பார்கள். ஆனால் நம் காதுக்கு அதைவிட இனிப்பது வரி ஆரம்பிக்கிற இடத்தில் வருகிற ஓசை. முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை. ரெண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை: உள்ளம், வெள்ளம், பள்ளம். பாடுகிறவருக்கு இது ஒரு பிடி. ஒரு வரி முடியும்போதே அடுத்த வரி எந்த ஓசையில் எழும்பும் என்று நாக்குக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் வாசிக்கத் தெரியாத பாட்டிமார் இருபது சரணத்தை மனப்பாடமாகப் பாடினார்கள்.

பணத்தைப் பற்றி: வாங்கலாம். ஸ்டுடியோவுக்குப் பணம், கிட்டார் தந்திக்குப் பணம், பெட்ரோலுக்குப் பணம், பாட்டு எழுதினவளுக்கு மட்டும் ஸ்தோத்திரமா? வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான் என்று வேதமே சொல்கிறது. சாம்ரோவில் உறுப்பினராகச் சேர், 1961இலிருந்து இருக்கிற அமைப்பு, உன் பாட்டு வானொலியிலோ மேடையிலோ ஒலித்தால் எழுதினவருக்கு வரவேண்டியதை வசூலித்துக் கொடுக்கும். லோட்டஸ் எஃப்எம் வானொலியில் ஒரு தரம் வந்தாலும் அது கணக்குத்தான். பாட்டைப் பதிந்து வெளியிடும்போது ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டுகிற ஐஎஸ்ஆர்சி எண் வாங்கு. ரெண்டு பேர் சேர்ந்து எழுதினால் அன்றைக்கே ஒரு தாளில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், சிநேகிதியாக இருந்தாலும் சரி, சிநேகிதி என்பதற்காகவே. நம் நாட்டுச் சட்டப்படி பாட்டின் உரிமை எழுதினவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 50 வருஷமும் நிற்கும். அதனால் சாஸ்திரியார் காலத்துக் கீர்த்தனைகளை நீ தாராளமாக எடுத்துப் பாடலாம், புது மெட்டுப் போடலாம். நேற்று வந்த பாட்டை அப்படி எடுக்கக்கூடாது. எனக்கு ஒரு தரம் நடந்தது. நான் எழுதின ஞானஸ்நானப் பாட்டை ஒரு சபையார் பதிவுசெய்து சிடி போட்டு விற்றார்கள், என் பெயர் அதில் இல்லை. கேட்டபோது "கர்த்தருக்குத்தானே எழுதினீர்கள்" என்றார்கள். ஆமாம், கர்த்தருக்குத்தான் எழுதினேன், அவருக்கு யார் எழுதினது என்று தெரியும், எனக்கு மனசு வலித்ததும் தெரியும். சொண்டோங்காவின் மனைவி அந்தப் பாட்டின் உரிமையை ஆறு பென்ஸுக்கு விற்றுவிட்டார் என்று சொல்வார்கள். ஒரு தேசத்தின் பாட்டு, ஆறு பென்ஸ். அந்த விதவையை நினைத்தாவது உன் தாள்களைப் பத்திரமாக வை, ஒவ்வொன்றிலும் தேதி போடு.

இப்போது உன் கடைசி வரி. 1996, ஜூலை மாதம். என் தம்பி வண்டி விபத்தில் போய்விட்டான், 24 வயது. புதன்கிழமை அடக்கம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. வீட்டில் உட்கார முடியாமல் போய் ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பாஸ்டர் பாட்டு எண்ணைச் சொன்னார். என் இடது கை துருத்தியில், வலது கை கட்டைமேல், விரல் இறங்கவில்லை. எனக்கு அப்போது கடவுள்மேல் இருந்தது கோபம்கூட இல்லை, கோபம் இருந்தால் பேச ஆள் இருக்கிறது என்றாவது அர்த்தம். உள்ளே ஒன்றுமே இல்லை. ரெண்டாவது வரிசையில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார்கள், மேகசின் பராக்ஸில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் பெஞ்சின் மரத்தில் மோதிரத்தால் தட்டித் தாளம் பிடித்தார்கள். டக், டக், டக். அப்புறம் தானாகப் பல்லவியை எடுத்தார்கள், எங்கள் வழக்கமான சுருதிக்கு ரொம்பக் கீழே, கரகரத்த குரலில். ரெண்டாம் தரம் சபை முழுக்கச் சேர்ந்துவிட்டது. நான் துருத்தியை மட்டும் அசைத்துக்கொண்டே இருந்தேன், ஒரு கட்டையைக்கூட அழுத்தவில்லை, வெறும் காற்று. பாட்டு முடிந்தது. அன்றைக்கு நான் பாடவில்லை, ஆனால் பாட்டுக்குள் இருந்தேன்.

எட்டு மாதம் அப்படியே போனது. ஒவ்வொரு ஞாயிறும் போய் உட்கார்ந்தேன். எனக்காக அவர்கள் விசுவாசித்தார்கள் என்றுதான் சொல்வேன். ஜெபம் திரும்பி வந்தது ஒரு நாளில் இல்லை, எந்த நாள் என்றும் சொல்லத் தெரியவில்லை.

அதனால் பொய்யா என்று கேட்டாயே, ஜெபம் வராமல் பாடுவது பொய் இல்லை மகளே. இல்லாத சந்தோஷத்தை இருக்கிறதாக முகத்தில் காட்டிப் பாடினால் அது பொய். 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார், கடைசிவரை அழுகைதான், ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் முடிந்துவிடும், அதையும் சேர்த்துத்தான் வேதம் என்கிறோம். 137இல் அந்நிய தேசத்தில் கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவோம் என்று கேட்கிறார்கள், அந்தக் கேள்வியே பாட்டாகிவிட்டது. கப்பலேறி வந்த நம் ஜனங்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார். நம் புதுப் பாட்டுகளில் வெற்றி, ஜெயம், அபிஷேகம் எல்லாம் தேவைக்கு மேலே இருக்கிறது, துக்க வீட்டிலிருந்து நேராகச் சபைக்கு வருகிறவர்கள் வாயில் வைக்க ஒரு பாட்டு இல்லை. நீ இப்போது நிற்கிற இடத்திலிருந்து அதை எழுத முடியும். ஒன்று மட்டும் செய், கொஞ்ச நாள் முன்னால் நின்று நடத்தாதே. பின்னால் கிட்டார் வாசி, மற்றவர்கள் பாடட்டும். உன் பாஸ்டரிடம் இருக்கிறபடி சொல், நல்ல மேய்ப்பராக இருந்தால் இடம் கொடுப்பார். ராத்திரி தூக்கம் வராமல் இருந்தால், சாப்பாடு இறங்காமல் இருந்தால், பெரியம்மாவிடம் சொல்லி டாக்டரையும் பார், அது விசுவாசக் குறைச்சல் ஆகாது.

கடைசியாக உன் பல்லவி. நீ அனுப்பியது இது:

ஆயா மண்டியிட்ட தரையிலே
கர்த்தரே நீர் என்னைத் தேற்றுமே

உன் டீமில் ஒருவர் "ஆயா என்றால் இந்தியாவில் வேலைக்காரம்மா, பாட்டி என்று மாற்று" என்றாராம். மாற்றாதே. டர்பனில் நம் வீடுகளில் ஆயா என்றால் யார் என்று நமக்குத் தெரியும், நீ எழுதுவது அந்த வீடுகளுக்கு. முதல் வரியில் ஒரு எழுத்தையும் தொட வேண்டாம், "ஆ" நெடில், நீ நீட்டுகிற இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ரெண்டாம் வரியில் மட்டும் ஒரு சொல். ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன் என்று ஏசாயாவின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்.

ஆயா மண்டியிட்ட தரையிலே
தாயாய் நீர் என்னைத் தேற்றுமே

ஆயா, தாயாய். எதுகை தானாக வந்துவிட்டது பார். மோகனத்தில், டி கட்டையில், மெதுவாகப் பாடிப் பெரியம்மாவிடம் போட்டுக் காட்டு. மூணாம் தரம் வரும்போது அவர்களும் சேர்ந்து பாடுகிறார்களா என்று கவனித்து எனக்கு எழுது.